கண்டதும் கருதியதும்

கேமரா தரும் படம் கணினிக்குள் எண்களின் அடுக்காகவே நுழைகிறது. அகலம் 1920, உயரம் 1080 என்ற அளவுள்ள ஒரு வண்ணப் படத்தில் ஏறத்தாழ 62 லட்சம் எண்கள் இருக்கும். பெரும்பாலும் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255க்குள் அடங்கும். இவற்றைக் கூட்டி, பெருக்கி, ஒப்பிட்டு, ‘இது நாய்’, ‘இது மனித முகம்’ என்ற முடிவுக்கு நிரல் வந்து சேர்கிறது. முடிவு சரியாக இருந்துவிட்டால் நிரல் அந்த நாயைக் கண்டது என்று சொல்லலாமா? விடை சரி என்பதே அதை அறிவு என்று ஏற்கப் போதுமா? கணினிப் பார்வை நிரல்களை எழுதுவோர் பலர் இதைத் தத்துவக்காரர்களின் கேள்வி என்று ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வேலையில் அவர்களைத் திணறவைக்கும் பிழைகளில் பல, இந்தக் கேள்விக்கு யோசிக்காமலே ‘ஆம்’ என்று சொல்லிவிட்டதால் வருபவை.

எது அறிவு, எது அறிவுபோலத் தோன்றும் பிழை என்பதை இந்திய மெய்யியல் மரபுகள் அளவை என்ற பெயரில் நுணுக்கமாக ஆராய்ந்தன. தமிழில் அந்த ஆராய்ச்சியைத் தொகுத்துத் தரும் பழைய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. அதன் 27ஆம் காதையில், மாதவன் (ஆண் துறவி) வடிவம் கொண்டு வஞ்சி நகரில் இருக்கும் மணிமேகலை, சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளைச் சொல்லும் அவன், அளவைபோலத் தோன்றி ஏமாற்றுபவை எட்டு என்றும் அடுக்குகிறான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. கணினிப் பார்வைத் துறையில் வேலை செய்பவர் இந்த எட்டையும் படித்தால், தம் பிழைப் பதிவேட்டையே யாரோ வகைபிரித்து வைத்ததாக உணர்வார். அறிவுக்குள் பிழை எந்தெந்த வழியில் நுழையும் என்ற கேள்வி, அறிபவர் மனிதரா இயந்திரமா என்பதைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை.

பிழைகளைச் சொல்லும் முன், காண்டல் நிகழ என்னென்ன வேண்டும் என்பதை அளவைவாதி சொல்லிவிடுகிறான். உயிர், பொறி, மனம் மூன்றும் ஊறில்லாமல் இருக்க வேண்டும். ஒளி, பொருள், இடம் மூன்றும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். உயிரைப் பிறகு பார்க்கலாம். பொறியும் ஒளியும் இடமும் நிரலருக்கு உடனடிக் கவலைகள். மாடல் சரியாகக் கற்கவில்லை என்று நெடுநாள் போராடிய குழுக்கள், படத்தை வாசிக்கும் முதல் வரியிலேயே பிழை இருந்ததைக் கடைசியில் கண்டுபிடிப்பது சாதாரணம். ஓப்பன்சிவி லைப்ரரி வண்ணங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வாசிக்கும். மற்ற லைப்ரரிகளில் பெரும்பாலானவை சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கும். மாற்றாமல் விட்டால் மனித முகம் நீலம் பாய்ந்து நிற்கும். திரையில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பார்க்காமல் மாடலுக்கு அனுப்பினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. துல்லியம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். செல்பேசிப் படங்கள் பல பக்கவாட்டில் பதிவாகி, எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பைக் கோப்பின் எக்ஸிஃப் பகுதியில் மட்டும் வைத்திருக்கும். அதைப் படிக்காத நிரலுக்கு நிற்கும் மனிதர்கள் எல்லாரும் படுத்திருப்பவர்கள்தான். இடத்திலும் இதே கதை: எண் அடுக்குகளைக் கையாளும் நம்பை லைப்ரரியில் முதலில் வரிசை, பிறகு நெடுவரிசை, வட்டமும் கோடும் வரையும் ஓப்பன்சிவி கட்டளைகளில் முதலில் கிடைத்தொலைவு, பிறகு செங்குத்துத் தொலைவு. சதுரப் படங்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தக் குழப்பம் முதல் செவ்வகப் படம் வரும்வரை தெரியாது. ஆகவே ஒவ்வொரு படிக்குப் பிறகும் படத்தைத் திரையில் வரைந்து கண்ணால் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுங்கு.

ஒளி இன்னும் நுட்பமானது. சாதாரணப் படக்கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி முறைப்படி வளைத்துப் பதிக்கப்பட்டிருக்கும். கறுப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி கலந்த ஒளிக்கு உரிய எண் 128 அல்ல, 188. மங்கலாக்குவதும் சிறிதாக்குவதும் சராசரி எடுக்கும் வேலைகள். வளைவை நீக்காமல் சராசரி எடுத்தால் இருண்ட பின்னணியில் உள்ள மெல்லிய ஒளிக்கோடுகள் உரியதைவிட மங்கிப்போகும். ஒளியையே அளக்க வேண்டிய வேலைகளில் இது பொறுக்கத்தக்க பிழை அல்ல.

எட்டில் முதலாவதான சுட்டுணர்வு, ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ என்ற அளவில் நின்றுவிடும் உணர்வு. அளவைவாதிக்கு இது குறை. பெயர், சாதி (வகை), குணம், தொழில் ஆகியவற்றோடு சேர்த்து அறிந்தால்தான் அவன் கணக்கில் காண்டல் நிறைவுபெறும். ஆனால் அதே காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவை இதற்கு நேர் எதிரானது: சுட்டுணர்வுதான் காண்டல், பெயர், சாதி, குணம், தொழில் நான்கும் அதில் சேரா. இந்த முரண் நிரலருக்கு மிகவும் பயனுள்ளது. கேமரா தந்த எண்கள் ஒருபுறம், அவற்றின்மேல் ஏற்றப்பட்ட பெயர் மறுபுறம் என்று பிரித்துவைக்கும் பௌத்தர் பக்கமே நடைமுறையில் பாதுகாப்பானது. மூலப் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, வெட்டியது, அளவு மாற்றியது, பெயரிட்டது எல்லாவற்றையும் தனிக் கோப்புகளாகச் சேமித்தால், பெயர் தவறென்று பின்னால் தெரியவரும்போது காட்சிக்குத் திரும்ப வழி இருக்கும்.

சுட்டுணர்வைக் கணக்கும் கெடுக்கும். கண்காணிப்புக் கேமராவில் அசைவைக் கண்டறிய, புதிய படத்திலிருந்து பழைய படத்தைக் கழிப்பது எளிய வழி. ஒரு புள்ளியில் பழைய மதிப்பு 60, புதிய மதிப்பு 50 என்று வைத்துக்கொண்டால் விடை -10. குறியில்லாத எட்டு பிட் எண்ணில் எதிர்மறைக்கு இடமில்லை. நம்பை அதை 246 என்று எழுதிவிடும். மேகம் கடந்ததால் சற்றே நிழலாடிய சுவர், வெள்ளை வெளேரென்ற பெரும் அசைவாக மாறிவிடும். 200உடன் 100ஐக் கூட்டினால் நம்பையில் 44 வரும். ஓப்பன்சிவியின் கூட்டல் கட்டளையில் 255 வரும். கணக்குக்கு முன்பே எண்களை அகன்ற வகைக்கு மாற்றிக்கொள்வது, அல்லது குறி நீக்கிய வேறுபாட்டைத் தரும் ‘ஏபிஎஸ்டிஃப்’ கட்டளையைப் பயன்படுத்துவது இதற்கு மருந்து.

திரியக்கோடலுக்கு அளவைவாதி தரும் உதாரணம், கிளிஞ்சலை வெள்ளி என்று உணர்வது. இந்த ஓர் உதாரணத்தை வைத்து இந்திய மெய்யியல் பல நூற்றாண்டுகள் வாதாடியது. முன்பு வேறிடத்தில் கண்ட வெள்ளி, பளபளப்பு என்ற ஒப்புமையால் நினைவில் எழுந்து, எதிரே உள்ள பொருளின்மேல் ஏற்றப்படுகிறது என்றனர் நியாய மரபினர். மீமாம்சகரான பிரபாகரர் வேறு விதமாகச் சொன்னார்: ‘இது’ என்ற காட்சியும் மெய், ‘வெள்ளி’ என்ற நினைவும் மெய், இரண்டும் வேறு வேறு என்பது பிடிபடாமல் போனதே கோளாறு. நியூரல் நெட்வொர்க்கின் பிழைக்குப் பிரபாகரரின் விளக்கம் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. 2016இல் ரிபெய்ரோ, சிங், கெஸ்ட்ரின் ஆகிய மூவர் ஓநாயையும் ஹஸ்கி நாயையும் பிரித்தறிய ஒரு மாடலைப் பயிற்றினர். ஓநாய்ப் படங்களில் எல்லாம் பனி இருக்கும்படியும் ஹஸ்கிப் படங்களில் இல்லாதபடியும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருந்தனர். மாடல் கற்றது பனியை. விடைக்குக் காரணமான பகுதியைப் படத்தில் பிரித்துக் காட்டியபோது விலங்கு மறைந்து பனித்தரை மட்டுமே மிஞ்சியது.

பனியில் நிற்கும் உண்மையான ஓநாயைக் காட்டினாலும் அந்த மாடல் ‘ஓநாய்’ என்றே சொல்லும். விடை சரி; ஆயினும் அது ஓநாயை அறியவில்லை. 8ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் இதே சிக்கலை எழுப்பியிருக்கிறார்: பாலைநிலத்தில் கானல்நீரைக் கண்டு ‘அங்கே நீர் இருக்கிறது’ என்று ஒருவர் போகிறார், தற்செயலாக அங்கே பாறைக்கு அடியில் நீரும் இருக்கிறது. அவர் நம்பியது மெய்யாயிற்று, ஆனால் அவர் அறிந்தவர் ஆகமாட்டார். மேற்கத்திய மெய்யியலில் இந்தச் சிக்கல் 1963இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது. நிரலருக்கு இதில் நேரடியான சோதனை இருக்கிறது: பொருளை மறைத்துப் பின்னணியை மட்டும் காட்டுவது, பிறகு பொருளை வேறு பின்னணியில் வைத்துக் காட்டுவது. ஓநாயை அழித்த பிறகும் ‘ஓநாய்’ என்ற விடை வந்தால், துல்லியம் எத்தனை விழுக்காடானாலும் அந்த மாடல் தேறவில்லை.

திரியக்கோடலை நிரலரே கையால் உண்டாக்கும் இடமும் உண்டு. சாலைக்கு 1, நடைபாதைக்கு 2, வாகனத்துக்கு 3 என்று எண்ணிட்ட லேபிள் படத்தைச் சாதாரண முறையில் சிறிதாக்கினால், சாலையும் வாகனமும் தொடும் விளிம்பில் 1க்கும் 3க்கும் சராசரியாக 2 பிறக்கும். ஒவ்வொரு வாகனத்தைச் சுற்றியும் இல்லாத நடைபாதை முளைக்கும். லேபிள் படங்களுக்கு அருகிலுள்ள புள்ளியை அப்படியே எடுக்கும் முறைதான் ஏற்றது. அவற்றை ஜேபெக்கில் சேமிக்கவும் கூடாது. அதன் சுருக்கமுறை எண்களைக் கலைத்துவிடும். பிஎன்ஜி கலைக்காது.

ஐயத்தையும் தேராது தெளிதலையும் அளவைவாதி ஒரே பொருளை வைத்துப் பிரிக்கிறான். கட்டையா மனிதனா என்று துணிய முடியாமல் நிற்பது ஐயம். ஆராயாமல் கட்டையை மனிதன் என்று துணிவது தேராது தெளிதல். பட்டியலில் இரண்டும் குறைகள்தான் என்றாலும், இரண்டும் சமமான குறைகள் அல்ல. நியாய சூத்திரம் தன் 16 பதார்த்தங்களுள் ஐயத்துக்கும் இடம் தந்தது, ஆராய்ச்சி அதிலிருந்து தொடங்குவதால்தான். வகைப்படுத்தும் மாடல்களின் வழக்கமான கடைசி அடுக்கான சாஃப்ட்மாக்ஸ் ‘இவற்றில் எதுவும் இல்லையோ’ என்ற ஐயத்துக்கு வாய்ப்பே தருவதில்லை. கூட்டினால் 1 வரும்படி மதிப்புகளைப் பங்கிடுவது அதன் வேலை. பூனை, நாய் இரண்டை மட்டும் கற்ற மாடலிடம் நாற்காலியைக் காட்டினாலும் அது இரண்டில் ஒன்றாகத்தான் ஆக வேண்டும். இயன் குட்ஃபெல்லோவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் பாண்டா கரடியின் படத்தை ஒரு நெட்வொர்க் 57.7 விழுக்காடு உறுதியோடு பாண்டா என்றது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அளவில் எண்களை அசைத்த பிறகு அதே படத்தை 99.3 விழுக்காடு உறுதியோடு கிப்பன் குரங்கு என்றது. சரியான விடையைவிடத் தவறான விடையில் உறுதி கூடியிருந்தது. சாஃப்ட்மாக்ஸ் தரும் எண்ணை அப்படியே நிகழ்தகவு என்று திரையில் காட்டுவது ஆகவே பொய் சொல்வதற்குச் சமம். ஒதுக்கிவைத்த தரவில் அந்த எண்ணையும் உண்மையான வெற்றி விகிதத்தையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஓர் எல்லைக்குக் கீழே ‘தெரியவில்லை’ என்ற விடையை அனுமதிக்க வேண்டும். எல்லை எங்கே என்பதைப் பிழையின் விலை தீர்மானிக்கட்டும். பூச்செடியின் பெயர் சொல்லும் செயலிக்கும் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் ஒரே எல்லை இருக்க முடியாது.

கண்டுணராமைக்கு உதாரணம், புலி நெருங்குவதைக் கண்டும் உணராதிருப்பது. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தை 640க்குச் சுருக்கும்போது, 20 பிக்சல் அகலமுள்ள பொருள் 3 பிக்சலாகிவிடுகிறது. பிறகு மாடல் அதை எடுப்பது அரிது. படத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பது நல்லது. 1000 மருத்துவப் படங்களில் 10இல் மட்டும் கட்டி இருந்தால், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லும் வெற்று நிரலும் 99 விழுக்காடு துல்லியம் காட்டும். தவறவிட்டவை எத்தனை என்பதைத் தனியே எண்ணாதவர் புலியை எண்ணவில்லை. இல்வழக்கு இதற்கு மறுதலை: முயற்கொம்புபோல இல்லாததைத் தோற்றுவிப்பது. 2020இல் வெளிவந்த ‘பல்ஸ்’ என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கலான சிறு படத்தைக் கொடுத்தபோது, அது தெளிவான ஒரு வெள்ளையர் முகத்தைத் திருப்பித் தந்தது. தெளிவாக்கும் நிரல்கள் இழந்த விவரத்தை மீட்பதில்லை; பொருத்தமாகத் தோன்றுவதைப் புனைகின்றன. வாகன எண்பலகைக்கும் மருத்துவப் படத்துக்கும் அவற்றைச் சாட்சியாக்குவது பெருந்தவறு.

உணர்ந்ததை உணர்தல், குளிருக்குத் தீ மருந்து என்று ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி நினைப்பது. புதிதாக எதையும் அறியாததால் அது அளவை ஆகாது. பயிற்சிக்கு வைத்த படங்கள் சோதனைக்குள் கசிவது இதுவே. சிஃபார்-100 என்ற புகழ்பெற்ற தொகுப்பின் 10,000 சோதனைப் படங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பயிற்சிப் பகுதியில் இரட்டை இருப்பதை இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் பின்னாளில் காட்டினர். ஒரே காணொளியின் அடுத்தடுத்த சட்டகங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் கலந்து பிரிப்பது, ஒரே நோயாளியின் இரண்டு எக்ஸ்ரேக்களை இருபக்கமும் போடுவது எல்லாம் இந்த வகைதான். படம் படமாகப் பிரிக்கக் கூடாது. ஆள், காணொளி, கேமரா வாரியாகப் பிரிக்க வேண்டும்.

கடைசியான நினைப்பு, பிள்ளைக்கு ‘இவர்கள் உன் தாய், தந்தை’ என்று பிறர் சொல்ல, அதைக் கொண்டே அப்படிக் கருதுவது. லேபிள்களைக் கொண்டு கற்கும் மாடல் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. இமேஜ்நெட் தொகுப்பின் சரிபார்ப்புப் பகுதியில் குறைந்தது 6 விழுக்காடு லேபிள்கள் தவறு என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு பகுதியையாவது இருவர் தனித்தனியே லேபிள் இட்டு ஒப்பிடுவதும், மாடல் மிகவும் தடுமாறும் படங்களை எடுத்து மனிதர் மறுபடி பார்ப்பதும் இதைக் குறைக்கும். மாடலின் பிழை என்று எண்ணியவற்றில் கணிசமானவை லேபிளின் பிழை என்று அப்போது தெரியவரும்.

இனி உயிர். அளவைவாதியின் முதல் நிபந்தனை அதுதான். அவன் கணக்கில் இயந்திரத்துக்குக் காண்டல் கிடையாது. அதே காதையில் பேசும் பூதவாதி, பூக்களும் வெல்லக்கட்டியும் பிறவும் கலந்த கலவையில் போதை பிறப்பதுபோலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்பவன். சிலிக்கனிலும் அது பிறக்கலாம் என்று அவன் வழிவந்தவர் வாதிடக்கூடும். அந்த வாதம் எப்படி முடிந்தாலும், இன்றைய நிரல் தரும் விடை கருதல் என்ற அளவையில்தான் பொருந்துகிறது. அதிலும் எச்சம் என்ற வகை: ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று துணிவது. எண்களின் அமைப்பு வெள்ளம், பொருள் மழை. அணையைத் திறந்தாலும் வெள்ளம் வரும் என்பதால், குறிக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொடர்பு எங்கெல்லாம் அறுபடும் என்று தேடிப் பார்த்த பிறகே கருதல் அளவையாகிறது. மேலே சொன்ன சோதனைகள் அனைத்தும் அந்தத் தேடலே.

கருதலைக் காண்டல் என்று ஏற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான சான்று உண்டு. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் காவல்துறை, கடைத் திருட்டு ஒன்றின் கேமராப் படத்துக்கு முகப்பொருத்த நிரல் தந்த தவறான விடையைத் தொடர்ந்து, குற்றத்தில் சம்பந்தமில்லாத ஒருவரைக் கைது செய்தது. சம்பவத்தை நேரில் பாராமல் கேமராப் பதிவை மட்டும் பார்த்த பாதுகாப்பு ஊழியர், புகைப்பட வரிசையிலிருந்து அவரைச் சுட்டிக்காட்டியிருந்தார். நிரலின் கருதல் அந்த வரிசையில் நினைப்பாக மாறி, சாட்சியாக வெளியே வந்தது. கைதானவர் தொடுத்த வழக்கு 2024 ஜூனில் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி டெட்ராய்ட் காவல்துறை முகப்பொருத்த விடையை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது; அந்த விடையிலிருந்து நேரே நடத்தும் புகைப்பட அடையாள வரிசையை மட்டும் வைத்தும் கைது செய்யக் கூடாது.